ஹால்ஸ்டெட் தெருவில் ஒரு வீடு

சிகாகோ நகரின் மேற்குப் பகுதியில், ஹால்ஸ்டெட் தெருவை ஒட்டி, 1856-இல் சார்லஸ் ஹல் என்ற நிலவணிகர் தமக்கென ஒரு செங்கல் மாளிகை கட்டினார். அப்போது அது ஊருக்கு வெளியே இருந்த இடம். முப்பது ஆண்டுகளுக்குள் நகரம் வளர்ந்து வந்து அந்த வீட்டைச் சூழ்ந்துகொண்டது. 1871-இல் சிகாகோவைச் சாம்பலாக்கிய பெருந்தீ இங்கிருந்து நடந்துபோகும் தொலைவில்தான் மூண்டது. காற்று வடகிழக்காக வீசியதால் வீடு தப்பியது. பிறகு அதில் முதியோர் இல்லம் நடந்தது. பழைய மரச்சாமான் கடை இருந்தது. கீழ்த்தளம் பக்கத்துத் தொழிற்சாலைக்கு அலுவலகமாயிற்று. ஒருபுறம் ஈமச்சடங்குக்கு வேண்டியதைச் செய்துகொடுக்கும் கடை, மறுபுறம் மதுக்கடை. மேல்மாடியில் பேய் உலவுகிறது என்ற பேச்சு வேறு. இந்த வீட்டில் 1889 செப்டம்பர் 18 அன்று ஜேன் ஆடம்ஸ், எலன் கேட்ஸ் ஸ்டார் என்ற இரு தோழிகள் குடியேறினார்கள். ஆடம்ஸுக்கு 29 வயது, ஸ்டாருக்கு 30. பள்ளி நடத்தவோ மதம் பரப்பவோ அவர்கள் வரவில்லை. ஏழைகள் வாழும் தெருவில் அவர்களுக்கு அண்டைவீட்டாராக வாழ்வது என்பதே திட்டம். வீட்டின் சொந்தக்காரரான ஹெலன் கல்வர் மறு ஆண்டே வாடகையை விட்டுக்கொடுத்தார். அதைக் கட்டி முன்பு அங்கே வாழ்ந்தவரின் பெயரே வீட்டுக்கு நிலைத்தது: ஹல் ஹவுஸ்.

இளைஞர்களுக்கும் குடும்பங்களுக்கும் துணைநிற்கும் சமூக மையம் என்று இன்று உலகெங்கும் அறியப்படும் அமைப்பு, இன்றுள்ள உருவத்தைப் பெரும்பாலும் இந்த வீட்டில்தான் பெற்றது. குழந்தைகள் காப்பகம், பள்ளி முடிந்தபின் சிறுவர் மன்றம், உடற்பயிற்சிக்கூடம், தாய்மார் சங்கம், இரவுப் பள்ளி, நாடகமேடை, இசைப் பயிற்சி, சட்ட உதவி ஆகிய எல்லாம் ஒரே கூரையின் கீழ் வந்தன. ஆனால் தொடக்கத்தில் இந்தப் பட்டியல் யார் மனத்திலும் இருக்கவில்லை. ஒவ்வொன்றும் தெரு கேட்டதால் வந்தது.

ஆடம்ஸ் இல்லினாய் மாநிலத்தின் செடார்வில் என்ற சிற்றூரில் 1860-இல் பிறந்தவர். தந்தை மாநில செனட் உறுப்பினர், ஆப்ரஹாம் லிங்கனுக்குப் பழக்கமானவர். ராக்ஃபோர்டு பெண்கள் கல்லூரியில் படித்துத் தேறிய பிறகு மருத்துவம் பயிலத் தொடங்கிய ஆடம்ஸ், முதுகெலும்புக் கோளாறால் அதைக் கைவிட்டார். அக்காலத்தில் கல்லூரிப் படிப்பை முடித்த வசதியான பெண்ணுக்கு முன்னே இருந்த வழி திருமணம் ஒன்றுதான். அல்லது பிறந்த வீட்டில் எல்லோருக்கும் வேண்டியதைச் செய்துகொடுத்துக்கொண்டே நாளைக் கழிப்பது. படித்த படிப்பு எதற்கும் பயன்படவில்லையே என்ற வேதனை அவரை எட்டு ஆண்டுகள் அலைக்கழித்தது. 1888-இல் அவர் லண்டனில் டாயின்பி ஹாலைப் பார்த்தார். சாமுவேல் பார்னெட் என்ற பாதிரியாரும் அவர் மனைவி ஹென்றியட்டாவும் கிழக்கு லண்டனின் ஒயிட்சாப்பலில் 1884-இல் தொடங்கிய இல்லம் அது. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பட்டதாரிகள் அங்கேயே தங்கி, சுற்றியிருந்த தொழிலாளர்களோடு பழகி, பாடம் நடத்தி, தாங்களும் கற்றார்கள். தர்மம் கொடுத்துவிட்டு வண்டியேறிப் போய்விடாமல் அங்கேயே குடியிருந்ததுதான் அதன் உயிர். அமெரிக்காவிலும் 1886-இல் நியூயார்க்கில் ஸ்டான்டன் காயிட் இப்படி ஓர் இல்லத்தைத் தொடங்கியிருந்தார். ஆடம்ஸும் ஸ்டாரும் அதே வித்தைச் சிகாகோவில் ஊன்றினார்கள்.

1890-இல் சிகாகோவின் மக்கள்தொகை 10 லட்சத்தைத் தாண்டியது. அவர்களில் முக்கால் பங்குக்கு மேற்பட்டோர் வெளிநாட்டில் பிறந்தவர்கள், அல்லது அப்படிப் பிறந்தவர்களின் பிள்ளைகள். ஹல் ஹவுஸ் இருந்த பத்தொன்பதாவது வார்டு அந்தக் கலப்பின் நடுமையம். வீட்டுக்கும் ஆற்றுக்கும் இடையில் இத்தாலியர்கள், தெற்கே ஜெர்மானியர்கள், பக்கத்துத் தெருக்களில் போலந்திலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் வந்த யூதர்கள், அதற்கப்பால் பொஹீமியர்கள், வடக்கே ஐரிஷ்காரர்கள். பின்னாளில் கிரேக்கர்களும், 1920-களில் மெக்சிகோக்காரர்களும் வந்து சேர்ந்தார்கள். ஒரு குடும்பத்துக்காகக் கட்டிய மரவீடுகளில் மூன்று நான்கு குடும்பங்கள் இருந்தன. பல வீடுகளில் கழிவுநீர் இணைப்பு இல்லை. குடிநீர்க் குழாய் முற்றத்தில் ஒன்றுதான். சிகாகோவின் ஆயத்த ஆடைத் தொழில் இந்த வீடுகளுக்குள்தான் நடந்தது. ஒப்பந்தக்காரர் வெட்டிய துணியை மூட்டையாகக் கொண்டுவந்து போடுவார். தாயும் பிள்ளைகளும் இருட்டறையில் உட்கார்ந்து தைத்துக் கொடுப்பார்கள். கூலி உருப்படிக்கு இவ்வளவு என்று கணக்கு.

இந்தத் தெருவுக்கு ஆடம்ஸும் ஸ்டாரும் முதலில் கொடுத்தது தாங்கள் கல்லூரியில் பெற்றதைத்தான். நாவல் வாசிப்புக் குழு நடந்தது. இத்தாலியக் கலைப்படங்கள் சுவரில் தொங்கின. ஜென்னி டோ என்ற இளம்பெண் நாள்தோறும் வந்து பாலர் வகுப்பு எடுத்தார். மக்கள் வந்தார்கள், ஆனால் வேறு தேவைகளோடு வந்தார்கள். பிரசவம் பார்க்க ஆளில்லாத வீட்டுக்கு ஓட வேண்டியிருந்தது. பிணத்தைக் குளிப்பாட்ட வேண்டியிருந்தது. கணவனிடம் அடிபட்டு வந்த பெண்ணுக்கு ஓரிரவு இடம் கொடுக்க வேண்டியிருந்தது. முதல் ஆண்டுக் கிறிஸ்துமஸ் விருந்தில் சிறுமிகள் சிலர் நீட்டிய மிட்டாயை வாங்க மறுத்தார்கள். மிட்டாய்த் தொழிற்சாலையில் வேலை செய்வதாகவும் அதைக் கண்ணெடுத்துப் பார்க்கவே முடியவில்லை என்றும் சொன்னார்கள். பண்டிகைக்கு முந்தைய ஆறு வாரங்கள் காலை ஏழு மணியிலிருந்து இரவு ஒன்பது மணிவரை அவர்கள் உழைத்திருந்தது விசாரித்தபோது தெரிந்தது. குழந்தைத் தொழில் என்ற சொல்லின் பொருள் ஹல் ஹவுஸுக்குப் புரிந்தது அன்றுதான்.

குழந்தைகள் காப்பகமும் இப்படித்தான் பிறந்தது. தொடக்க காலத்திலேயே அந்தப் பகுதியில் உடல் ஊனமுற்றிருந்த மூன்று சிறுவர்களைப் பற்றி இல்லத்துக்குத் தெரியவந்தது. ஒருவன் மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து விழுந்தவன். இன்னொருவன் தீக்காயம் பட்டவன். மூன்றாமவனுக்கு முதுகு வளைந்திருந்தது. மூன்று ஆண்டுகள் அவனைப் பகல் முழுவதும் சமையலறை மேசைக் காலில் கட்டிப்போட்டுவிட்டு வீட்டார் வேலைக்குப் போயிருந்தார்கள். பக்கத்துத் தொழிற்சாலையில் வேலை செய்த அண்ணன் மதிய உணவு இடைவேளையில் ஓடிவந்து அவிழ்த்துவிடுவான். அந்தத் தாய்மார் கொடியவர்கள் அல்லர். வேலைக்குப் போகாவிட்டால் சோறில்லை. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. பக்கத்தில் ஒரு சிறு வீட்டை எடுத்து, ஒரு நாளைக்கு ஐந்து சென்ட் வாங்கிக்கொண்டு, குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ள ஏற்பாடாயிற்று. இலவசமாக வைக்காமல் சிறு தொகை வாங்கியதில் ஒரு மரியாதை இருந்தது. தாய் யாரிடமும் கையேந்தி நிற்கவில்லை.

தெரு கேட்காததைக் கொடுக்கப்போய்த் தோற்ற கதையும் உண்டு. வேலைக்குப் போகும் பெண்கள் சமைக்க நேரமின்றிச் சத்தற்ற உணவை வாங்கிக் கொடுப்பதைப் பார்த்த இல்லத்தார், பாஸ்டனில் நடந்த ஒரு முன்மாதிரியைப் பின்பற்றி 1893-இல் பொதுச் சமையற்கூடம் தொடங்கினார்கள். அளவு பார்த்து, சத்துக் கணக்குப் போட்டு, அறிவியல் முறைப்படி காய்ச்சிய சூப்பும் குழம்பும் மலிவு விலைக்கு வைக்கப்பட்டன. அக்கம்பக்கத்தார் வாங்கவில்லை. இத்தாலியப் பெண்ணுக்குத் தன் ஊர்ச் சுவை வேண்டும், யூதப் பெண்ணுக்குத் தன் மத விதிப்படி சமைத்தது வேண்டும். சத்து இருப்பது சரி, தனக்குப் பிடித்ததைத்தான் தின்பேன் என்று ஒரு பெண் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். அதே கட்டடத்தில் இருந்த காபிக்கடையோ விரைவிலேயே மக்களை ஈர்த்தது. மதுக்கடையைத் தவிர உட்கார்ந்து பேச வேறு இடமில்லாத தெருவுக்கு அதுதான் வேண்டியிருந்தது. இல்லத்தார் பிடிவாதம் பிடிக்காமல் சமையற்கூடத்தை விட்டுவிட்டுக் காபிக்கடையைப் பெரிதாக்கினார்கள். ஹல் ஹவுஸின் வரலாற்றில் இந்தச் சிறு தோல்விக்குப் பல வெற்றிகளைவிட மதிப்பு அதிகம். தெரு சொல்வதைக் கேட்டுத் தன்னைத் திருத்திக்கொள்ளும் பழக்கம் அதன் பிறகு இல்லத்தின் இயல்பாயிற்று.

இளைஞர்களுக்கென்று வந்தவற்றில் முதன்மையானது விளையாட்டுத் திடல். இல்லத்துக்கு அருகில் வில்லியம் கென்ட் என்ற செல்வருக்குச் சில இடிந்த வாடகை வீடுகள் சொந்தமாக இருந்தன. அவற்றின் கேடான நிலையை ஹல் ஹவுஸைச் சேர்ந்த ஒருவர் பொதுக்கூட்டத்தில் சொல்லிக்காட்டினார். வெட்கப்பட்ட கென்ட் நேரில் வந்து பார்த்து, முக்கால் ஏக்கர் அளவுள்ள அந்த நிலத்தை இல்லத்துக்கு வாடகையின்றிக் கொடுத்தார். வீடுகளை அகற்றியபின் அங்கே ஊஞ்சலும் மணல்தொட்டியும் பந்தாடும் இடமும் அமைந்தன. சிகாகோவின் முதல் பொது விளையாட்டுத் திடல் என்று அதைச் சொல்வார்கள். பின்னாளில் கலிபோர்னியாவின் மியூர் காட்டை நாட்டுக்குக் கொடையளித்தவரும் இதே கென்ட்தான். 1893-இல் உடற்பயிற்சிக்கூடம் வந்தது. அதே ஆண்டு எலினார் ஸ்மித் இசைப்பள்ளியைத் தொடங்கினார். லூயிஸ் டிகோவன் போவன் என்ற செல்வப் பெண்மணியின் கொடையில் 1907-இல் எழுந்த சிறுவர் மன்றக் கட்டடத்தில் பில்லியர்ட்ஸ் மேசைகளும் தச்சுப் பட்டறையும் அச்சுக்கூடமும் இருந்தன. தெருமுனையில் சூதாடும் இடத்தோடு போட்டியிட வேண்டுமானால் அதைவிட மகிழ்ச்சியான இடம் வேண்டும் என்பதை இல்லத்தார் உணர்ந்திருந்தார்கள். 1912 முதல் மிச்சிகன் ஏரிக்கரையில், வாகீகன் ஊருக்கு அருகே, கோடைக்கால முகாமும் நடந்தது. மரநிழலையே காணாமல் வளர்ந்த நகரப் பிள்ளைகள் அங்கே இரு வாரங்கள் இருந்துவிட்டு வருவார்கள்.

இந்த ஏற்பாடுகளிலிருந்து யார் யார் உருவானார்கள் என்று எண்ணிப் பார்ப்பது நியாயமானது. வறிய யூதத் தையற்காரர் ஒருவரின் பிள்ளையாக 1909-இல் பிறந்த பென்னி குட்மன், ஹல் ஹவுஸ் சிறுவர் வாத்தியக்குழுவில் கிளாரினெட் வாசித்தவர். ஜாஸ் இசையில் ஸ்விங் காலத்தின் முடிசூடா மன்னராக அவர் பிற்பாடு உயர்ந்தார். நேவா பாய்ட் என்பவர் இங்கே விளையாட்டு வழியாகக் குழந்தைகளைப் பழக்கும் முறையைக் கற்பித்தார். அவரிடம் 1920-களில் பயின்ற வயோலா ஸ்போலின், வேறு வேறு மொழி பேசும் பிள்ளைகளை ஒன்றாக நடிக்கவைக்க விளையாட்டுப் பயிற்சிகளை உருவாக்கினார். உலகெங்கும் நாடகப் பட்டறைகளில் இன்று நடத்தப்படும் முன்னேற்பாடில்லா நடிப்புப் பயிற்சிகளுக்கு வேர் அந்த வகுப்புகள்தான். 1959-இல் சிகாகோவின் செகண்ட் சிட்டி நாடகக் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர் அவருடைய மகன்.

பிள்ளைகளுக்குச் செய்தது போதாது, பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் இடையில் விழுந்த பிளவையும் பார்க்க வேண்டும் என்பது சில ஆண்டுகளில் தெரியவந்தது. பள்ளிக்குப் போய் ஆங்கிலம் கற்ற பிள்ளை, தலையில் துணிகட்டிய தாயோடு தெருவில் நடக்கக் கூசியது. ஊரில் நூல் நூற்கவும் நெய்யவும் ரொட்டி சுடவும் தெரிந்த தாய், சிகாகோவில் எதுவும் தெரியாதவளாக எண்ணப்பட்டாள். வாசலில் உட்கார்ந்து கைத்தக்களியில் நூல் நூற்ற இத்தாலிய மூதாட்டியைப் பார்த்த ஆடம்ஸுக்கு ஒரு யோசனை தோன்றியது. 1900-இல் ஹல் ஹவுஸில் உழைப்பு அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. சிரியப் பெண்ணும் ரஷ்யப் பெண்ணும் ஐரிஷ் பெண்ணும் தத்தம் நாட்டு முறையில் நூற்றுக் காட்டினார்கள். கைத்தக்களியிலிருந்து ராட்டை, ராட்டையிலிருந்து ஆலை இயந்திரம் என்று தொழிலின் வளர்ச்சி கண்முன் வரிசையாக நின்றது. அதுவரை தாய் ஒரு கதவு வழியாகவும் தான் வேறொரு கதவு வழியாகவும் இல்லத்துக்குள் வந்துகொண்டிருந்த இத்தாலியச் சிறுமி ஒருத்தி உண்டு. பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர்கள் தாயின் கைவேலையை வியந்து பாராட்டியதைக் கண்டபின், தாயோடு ஒரே கதவில் நுழையத் தொடங்கினாள். ஆடம்ஸ் தம் நூலில் எழுதிவைத்த நிகழ்ச்சிகளில் இதைப்போல நெஞ்சைத் தொடுவது வேறில்லை.

உழைக்கும் இளம்பெண்களுக்கான ஜேன் கிளப் ஒரு வேலைநிறுத்தத்தில் பிறந்தது. செருப்புத் தொழிற்சாலைப் பெண்கள் ஹல் ஹவுஸில் கூடிப் பேசியபோது, வேலையை நிறுத்தினால் தங்குமிட வாடகை கட்ட முடியாது, அதனால்தான் பணிந்துபோக நேர்கிறது என்ற உண்மை வெளிவந்தது. தங்குமிடத்தைத் தாங்களே கூட்டாக நடத்தினால் என்ன என்று கேட்டார்கள். முதல் மாத வாடகையையும் சாமான்களையும் மட்டும் இல்லம் கொடுத்தது. மற்றதெல்லாம் அந்தப் பெண்களின் பொறுப்பு. சில ஆண்டுகளில் உறுப்பினர் ஐம்பது பேரானார்கள். கிளப்புக்கெனத் தனிக் கட்டடம் 1898-இல் எழுந்தது. அந்தக் கட்டடத்துக்கு ஒருவர் முன்வந்து 20,000 டாலர் தருவதாகச் சொல்லியிருந்தார். தம்மிடம் வேலை பார்க்கும் பெண்களுக்கு மிகக் குறைந்த கூலி கொடுப்பவர் என்று பெயரெடுத்தவர் அவர். அந்தப் பணத்தில் உழைக்கும் பெண்களுக்கு வீடு கட்டுவது முறையாகாது என்று மறுத்துவிட்டார்கள்.

1891 டிசம்பரில் ஃபுளோரன்ஸ் கெல்லி வந்து சேர்ந்ததும் ஹல் ஹவுஸின் போக்கே மாறியது. பென்சில்வேனியா காங்கிரஸ் உறுப்பினரின் மகள், சூரிச்சில் படித்தவர், எங்கெல்ஸின் நூலொன்றை ஆங்கிலத்தில் பெயர்த்தவர், கொடுமை செய்த கணவனிடமிருந்து மூன்று குழந்தைகளோடு தப்பிவந்தவர். ஒரு குழந்தையைத் தாங்கிப் பிடிப்பதோடு, அது விழக் காரணமான பள்ளத்தையும் மூட வேண்டும் என்ற நோக்கு அவரோடு வீட்டுக்குள் வந்தது. கூட்டரசின் தொழிலாளர் துறைக்காக அவர் தலைமையில் கணக்கெடுப்பாளர்கள் 1893-இல் பத்தொன்பதாவது வார்டில் வீடுவீடாக ஏறி இறங்கினார்கள். யார் எந்த நாட்டவர், எத்தனை பேர், வாரக்கூலி எவ்வளவு என்று விசாரித்துக் குறித்தார்கள். இல்லத்துக்குக் கிழக்கே ஒரு சதுர மைலின் மூன்றில் ஒரு பங்குப் பரப்பில் மட்டும் பதினெட்டு நாட்டினர் இருந்தார்கள். ஒவ்வொரு வீட்டையும் நாட்டுக்கொரு நிறம், கூலிக்கொரு நிறம் என்று தீட்டி வரைந்த வரைபடங்கள் 1895-இல் கட்டுரைகளோடு நூலாயின. அமெரிக்காவில் ஒரு பகுதியின் வறுமையை இப்படி வீடுவீடாகப் படமாக்கிக் காட்டிய முதல் முயற்சிகளில் ஒன்று அது.

கெல்லியும் தோழர்களும் திரட்டிய சான்றுகளால் இல்லினாய் சட்டமன்றம் 1893-இல் தொழிற்சாலைச் சட்டம் இயற்றியது. 14 வயதுக்கு உட்பட்டவர்களைத் தொழிற்சாலையில் வைக்கக் கூடாது. பெண்களுக்கு நாளில் எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. ஆளுநர் ஆல்ட்கெல்டு கெல்லியையே தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளராக அமர்த்தினார். சட்டத்துக்கான இயக்கத்தைக் கைவிட்டால் இல்லத்துக்கு 50,000 டாலர் கிடைக்கும் என்று உற்பத்தியாளர்கள் சார்பில் ஒருவர் ஆடம்ஸிடம் வந்து பேசினார்; வெறுங்கையோடு திரும்பினார். எதிர்ப்பு முதலாளிகளிடமிருந்து மட்டும் வரவில்லை. பிள்ளையின் கூலியை நம்பி அடுப்பெரித்த கைம்பெண்களும் சட்டத்தை வெறுத்தார்கள். அவர்கள் முகத்தை நாள்தோறும் பார்த்துக்கொண்டு, அவர்களுடைய தெருவிலேயே வாழ்ந்தபடி அந்தச் சட்டத்துக்காக நிற்பது எளிய செயலாக இருந்திருக்காது. 1895-இல் மாநில உச்ச நீதிமன்றம் எட்டு மணி நேரப் பிரிவைச் செல்லாது என்றது. குழந்தைகள் பற்றிய பிரிவுகள் நிலைத்தன.

குப்பையும் ஒரு போராட்டமாயிற்று. தெருவோரம் பதித்திருந்த பெரிய மரப்பெட்டிகளில்தான் வார்டின் குப்பை சேர்ந்தது. வாரக்கணக்கில் அள்ளப்படாமல் அழுகிக் கிடக்கும். அதன் மேலேறிக் குழந்தைகள் விளையாடும். குப்பை அள்ளும் ஒப்பந்தம் அரசியல் செல்வாக்கில் கைமாறிய காலம். 1895-இல் ஆடம்ஸ் தாமே ஒப்பந்தப்புள்ளி கொடுத்தார். அது தள்ளப்பட்டது, ஆனால் செய்தி பரவியதில் மேயர் அவரை வார்டின் குப்பை ஆய்வாளராக நியமித்தார். ஆண்டுச் சம்பளம் 1,000 டாலர். காலை ஆறு மணிக்கு எழுந்து, குப்பை வண்டிகளுக்குப் பின்னாலேயே கிடங்குவரை போவார். ஒரு குறுகிய தெருவில் பதினெட்டு அங்குலக் குப்பைக்கும் மண்ணுக்கும் அடியில் பாவிய தளம் இருந்ததைத் தோண்டிக் கண்டுபிடித்தார்கள். அந்தத் தெருவுக்குத் தளம் போட்ட பதிவு நகராட்சி ஆவணத்திலும் இருந்தது.

1902-இல் டைபாய்டு பரவியது. நகர மக்கள்தொகையில் முப்பத்தாறில் ஒரு பங்கே வாழ்ந்த பத்தொன்பதாவது வார்டில், நகரத்தில் நேர்ந்த டைபாய்டு மரணங்களில் ஆறில் ஒரு பங்கு நிகழ்ந்தது. 1897 முதல் இல்லத்தில் வாழ்ந்த மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன், மூடாத கழிப்பிடங்களிலிருந்து ஈக்கள் நோயைச் சுமந்ததாக ஆராய்ந்து எழுதினார். அதையொட்டி நடந்த விசாரணையில் நகரின் சுகாதார ஆய்வுப் பிரிவில் இருந்த 24 பேரில் 11 பேர் வேலையிழந்தார்கள். குடிநீர்க் குழாயில் கழிவுநீர் கலந்ததுதான் உண்மைக் காரணம் என்பதும், அதை அதிகாரிகள் மறைத்துவிட்டார்கள் என்பதும் ஹாமில்டனுக்குப் பிறகு தெரியவந்தது. தம் பிழையை அவரே தன்வரலாற்றில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். ஈய நஞ்சு போன்ற தொழில்நோய்களை ஆராய்ந்து அத்துறைக்கு அமெரிக்காவில் அடித்தளமிட்ட அவர், 1919-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் முதல் பெண் ஆசிரியரானார்.

சிறார் நீதிமன்றம் ஹல் ஹவுஸின் மிகப் பெரிய சாதனை என்றால் மிகையில்லை. அதுவரை ஓர் ஆப்பிளைத் திருடிய பத்து வயதுப் பையனும் பெரியவர்களோடு ஒரே சிறையில் அடைபட்டான். ஜூலியா லாத்ரோப் முதலான இல்லவாசிகளும் சிகாகோப் பெண்கள் சங்கமும் வழக்கறிஞர்களும் சேர்ந்து உழைத்ததன் பயனாக 1899-இல் சட்டம் நிறைவேறியது. அந்த ஜூலை மாதம் உலகின் முதல் சிறார் நீதிமன்றம் சிகாகோவில் கூடியது. சட்டத்தில் நன்னடத்தை அலுவலர் பதவி இருந்தது, சம்பளம் இல்லை. பெண்கள் குழு ஒன்று பணம் திரட்டிச் சம்பளம் கொடுத்தது. முதல் அலுவலர் அல்சினா ஸ்டீவன்ஸ், ஹல் ஹவுஸில் வாழ்ந்தவர். பதின்மூன்று வயதில் நூற்பாலையில் வேலை செய்தபோது விரலொன்றை இழந்தவர். குற்றவாளிக் கூண்டில் நின்ற பிள்ளைகளுக்கு அவரைவிடப் பொருத்தமான துணை கிடைத்திருக்க முடியாது. 1907-இல் நீதிமன்றத்துக்கெனக் கட்டிய கட்டடம் ஹல் ஹவுஸுக்கு எதிரிலேயே எழுந்தது. 1912-இல் கூட்டரசு குழந்தைகள் நலத்துறையை அமைத்தபோது அதன் தலைமைக்கு லாத்ரோப் அழைக்கப்பட்டார். அமெரிக்கக் கூட்டரசில் ஒரு துறைக்குத் தலைமையேற்ற முதல் பெண் அவர்.

1907-க்குள் ஹல் ஹவுஸ் பதின்மூன்று கட்டடங்களாக விரிந்து ஒரு முழுத் தெருத்தொகுதியை நிரப்பியிருந்தது. வாரத்துக்கு ஏறத்தாழ 9,000 பேர் வந்துபோனார்கள். அங்கே தங்கியவர்கள் சம்பளக்காரர்கள் அல்லர். பெரும்பாலோர் வெளியே வேலை பார்த்து, தங்கும் அறைக்கும் உணவுக்கும் பணம் கட்டி, மாலை நேரத்தை இல்லத்துக்குக் கொடுத்தார்கள். ஆடம்ஸ் தந்தைவழிச் சொத்தில் பெரும்பங்கை இதில் போட்டார். மேரி ரோசெட் ஸ்மித் என்ற நன்கொடையாளரும் போவன் அம்மையாரும் இல்லத்தைப் பல்லாண்டு தாங்கினார்கள். பணம் சிலரை நம்பியே இருந்தது என்ற பலவீனத்தின் விலை பின்னாளில் தெரிந்தது.

குறைகளையும் சொல்ல வேண்டும். வார்டின் அரசியல் தலைவர் ஜானி பவர்ஸை எதிர்த்து இல்லம் இருமுறை ஆள் நிறுத்தித் தோற்றது. யாருக்கு வேலை வாங்கித் தந்தார், யார் வீட்டுச் சாவுக்கு வந்து நின்றார் என்பதை வைத்தே மக்கள் அவருக்கு வாக்களித்தார்கள் என்பதை ஆடம்ஸ் நேர்மையாக எழுதினார். நிறம் குறித்த குறை இதைவிடப் பெரியது. கறுப்பினப் பெண் மருத்துவரான ஹேரியட் ரைஸ் 1890-களில் இல்லத்தில் வாழ்ந்தார். தேசியக் கறுப்பின மக்கள் முன்னேற்றச் சங்கத்தைத் தொடங்க 1909-இல் அழைப்புவிட்டவர்களில் ஆடம்ஸும் ஒருவர். இருந்தும் மன்றங்களிலும் முகாமிலும் கறுப்பினப் பிள்ளைகளுக்கு நெடுங்காலம் இடம் கிடைக்கவில்லை. ஐரோப்பியக் குடியேறிகளுக்குத் திறந்த அளவுக்கு அந்தக் கதவு அவர்களுக்குத் திறக்கவில்லை.

1891-இல் அமெரிக்காவில் இத்தகைய இல்லங்கள் ஆறு இருந்தன. 1910-இல் நானூறைத் தாண்டின. இந்தியாவுக்கும் இந்த வழி வந்தது. சிகாகோவில் படித்த கிளிஃபோர்டு மான்ஷார்ட் என்ற அமெரிக்க மிஷனரி, பம்பாயில் ஆலைத் தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த நாக்பாடாவில் 1920-களில் அண்டையர் இல்லம் ஒன்றை நடத்தினார். அந்த இல்லத்தில்தான் 1936-இல் சர் டோராப்ஜி டாடா சமூகப்பணிக் கல்லூரி தொடங்கியது. மான்ஷார்ட் முதல் இயக்குநர். டாடா சமூக அறிவியல் நிறுவனம் என்று இன்று பெயர் பெற்றிருப்பது அதுவே. இந்தியாவில் சமூகப்பணி ஒரு படிப்பானது அங்கிருந்துதான். சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் 1952-இல் சமூகப்பணிக் கல்லூரியை நிறுவும்போது நாட்டில் அந்தப் படிப்பு வேரூன்றியிருந்தது.

முதல் உலகப் போரை எதிர்த்ததற்காக ஆடம்ஸ் நாட்டில் கடுமையாகத் தூற்றப்பட்டார். 1931-இல் அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. 1935 மே 21 அன்று காலமானார். உடல் ஹல் ஹவுஸில் வைக்கப்பட்டபோது ஹால்ஸ்டெட் தெருவின் மக்கள் ஆயிரக்கணக்கில் வரிசையாக வந்து பார்த்துப் போனார்கள்.

1961-இல் நகர மேயர் ரிச்சர்ட் டேலி இல்லினாய் பல்கலைக்கழகத்தின் சிகாகோ வளாகத்துக்கு அந்தப் பகுதியைத் தேர்ந்தெடுத்தார். சிறுவயதில் ஹல் ஹவுஸுக்கு வந்து வளர்ந்தவரும் இத்தாலியத் தையற்காரர் ஒருவரின் மகளுமான ஃபுளோரன்ஸ் ஸ்கேலா அக்கம்பக்கத்துப் பெண்களைத் திரட்டி மேயர் அலுவலகம்வரை போராடினார். வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம்வரை சென்றும் பயனில்லை. ஏறத்தாழ 8,000 பேர் வீடிழந்தார்கள். 1963-இல் ஹல் ஹவுஸின் கட்டடங்கள் இடிக்கப்பட்டன. 1856-இன் பழைய மாளிகையும் இல்லவாசிகள் உண்ட சாப்பாட்டுக்கூடமும் மட்டும் தப்பின. இல்லத்தின் சங்கம் நகரின் பல பகுதிகளில் கிளை மையங்களாகப் பிரிந்து, குழந்தைகள் காப்பகம், வளர்ப்புக் குடும்ப ஏற்பாடு, வீட்டு வன்முறைக்கு உள்ளான பெண்களுக்கான ஆலோசனை எனப் பணியைத் தொடர்ந்தது. நன்கொடை சுருங்கி, அரசுப் பணத்தையே பெரிதும் நம்பவேண்டிய நிலை வந்தது. 2012 ஜனவரியில் சங்கம் திவாலாகி மூடப்பட்டது. சுமார் 300 ஊழியர்கள் வேலையிழந்தார்கள். பழைய மாளிகை பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் அருங்காட்சியகமாக ஹால்ஸ்டெட் தெருவில் இன்றும் திறந்திருக்கிறது.